ரப்பி ஜேக்கப் ஜோசப்: எப்படி வந்தார், எங்கே அடக்கம் செய்யப்பட்டார்?

எடிசன்வாசி:
நண்பர்களுக்கு வணக்கம். நியூஜெர்சி எடிசனில் குடியிருக்கிறேன். எங்கள் ஊரில் 'ரப்பி ஜேக்கப் ஜோசப்' என்ற பெயரில் ஒரு யூதப் பள்ளி இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று தேட ஆரம்பித்தேன், இப்போது விட மனமில்லை.

நியூயார்க்கின் தலைமை ரப்பி (யூத மதகுரு) என்று பட்டம் கட்டி லித்துவேனியாப் பக்கத்திலிருந்து 1888ல் வரவழைக்கப்பட்டவர். 1902ல் நியூயார்க்கிலேயே இறந்தார். இதுவரை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். அதற்கப்புறம் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பிறந்த ஆண்டு ஓரிடத்தில் 1840, இன்னோரிடத்தில் 1848. கல்லறை புரூக்ளினில் என்கிறார் ஒருவர், குயின்ஸில் என்கிறார் வேறொருவர். நியூயார்க்கில் குடியேறிகளைப் பதிவு செய்த எல்லிஸ் தீவின் பயணிகள் பட்டியலில் ஆளே இல்லை. போதாக்குறைக்கு 'அமெரிக்காவுக்கு வந்த முதல் ரப்பி இவர்தான்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவருடைய வாழ்க்கையை ஆவணம் ஆவணமாகத் தொடர்ந்து போய், கல்லறையையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பழைய ஏடு:
தம்பி, ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு மனிதரைத் தேடும்போது சாவில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போவதுதான் வழி. பிறப்பை எழுதி வைக்காத ஊர்கள் உண்டு. ஆனால் பெரிய நகரத்தில் ஒருவர் செத்தால் அதை எழுதாமல் விடமாட்டார்கள்.

முதலில் எல்லிஸ் தீவு. அந்த நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1ஆம் தேதிதான். 1888ல் வந்தவரை அங்கே தேடினால் எப்படிக் கிடைப்பார்? 1855 முதல் 1890 வரை நியூயார்க்கில் குடியேறிகளைப் பதிவு செய்தது மன்ஹாட்டனின் தென்முனையில் இருந்த காசில் கார்டன். இவர் வந்த கப்பல் 'அல்லர்', வட ஜெர்மன் லாய்டு நிறுவனத்துடையது. அந்தக் கப்பல்கள் நின்ற துறை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் உங்கள் நியூஜெர்சியின் ஹோபோக்கன்.

1897ல் எல்லிஸ் தீவில் பெரிய தீ விபத்து. மரக் கட்டடத்தோடு பழைய குடியேற்றப் பதிவேடுகளும் எரிந்து போயின. அதனால் காசில் கார்டன் காலத்தில் வந்தவர்களைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று பலர் கைவிட்டு விடுகிறார்கள். கைவிட வேண்டியதில்லை. கப்பல் தலைவர்கள் சுங்கத் துறையிடம் கொடுத்த பயணிகள் பட்டியல் தனியாக இருந்ததால் பிழைத்துக்கொண்டது. அது அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் நுண்படச் சுருள்களாக இருக்கிறது, இணையத்திலும் தேடலாம்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'ஜேக்கப்', 'ஜோசப்' இரண்டுமே ஆட்பெயர்கள். நம் ஆட்களுக்கு பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் வந்து நிற்கிற மாதிரி, எழுத்தர் இடம் மாற்றி எழுதியிருக்கலாம். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள், ஜெர்மன் எழுத்துக்கூட்டலிலும் பாருங்கள்.

அப்புறம் இறப்புச் சான்றிதழ். நியூயார்க் மாநகராட்சி ஆவணக் காப்பகம் பழைய இறப்புச் சான்றிதழ்களை இலவசமாகவே இணையத்தில் போட்டிருக்கிறது. அந்தக் காலச் சான்றிதழில் வயது, தொழில், பிறந்த நாடு, அமெரிக்காவில் எத்தனை ஆண்டு, தகப்பனார் பெயர், சாவுக்குக் காரணம், எல்லாவற்றுக்கும் கீழே அடக்கம் செய்த இடமும் அடக்கப் பணியாளர் பெயரும் வரும். மற்றவர்களைப் படிப்பதற்கு முன்னால் அந்த ஒரு தாளைப் படியுங்கள்.

செல்வம்_கோவை:
'முதல் ரப்பி' என்பதை யாராவது தெளிவாக்குங்கள். 1888 என்பது ரொம்பப் பிந்தி இல்லையா? யூதர்கள் அமெரிக்காவுக்கு 1654லேயே வந்துவிட்டார்களே.

பழைய ஏடு:
செல்வம் கேட்டது நியாயமான கேள்வி. 1654ல் பிரேசிலின் ரெசிஃபேயை போர்த்துக்கீசியர் திரும்பப் பிடித்தபோது அங்கிருந்து கிளம்பிய சிலர் நியூ ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார்கள். ஆனால் முறைப்படி பட்டம் பெற்ற ரப்பி யாரும் அவர்களோடு இல்லை. அதற்கப்புறம் நூற்றெண்பது ஆண்டுகளுக்குமேல் தொழுகை நடத்துபவரை வைத்தே காலம் தள்ளினார்கள். நியூயார்க்கின் கெர்ஷோம் மென்டெஸ் செய்ஷாஸ் அப்படிப்பட்டவர். அமெரிக்காவிலேயே பிறந்தவர், பெரிய மரியாதைக்குரியவர், ஆனால் ரப்பிப் பட்டம் கிடையாது.

இடையிடையே பயணம் வந்த ரப்பிகள் உண்டு. எப்ரோன் நகரத்தைச் சேர்ந்த ஹாயிம் ஐசக் கரிகல் 1773ல் ரோட் தீவின் நியூபோர்ட்டுக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். அங்கிருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ் என்ற கிறிஸ்தவப் போதகர் அவரிடம் மனதைப் பறிகொடுத்து, சந்திப்புகளை எல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்த நாட்குறிப்பு இல்லையென்றால் கரிகலைப் பற்றி நமக்குக் கால்வாசிகூடத் தெரிந்திருக்காது. அவர் 1777ல் பார்படோஸில் இறந்தார். பிரிட்ஜ்டவுனில் நிதே இஸ்ரேல் ஜெப ஆலய வளாகத்திலேயே அடக்கம்.

பட்டம் பெற்று, குடியேறி, ஒரு சபையை நிரந்தரமாக ஏற்று நடத்திய முதல் ரப்பி என்றால் ஆபிரகாம் ரைஸ். பவேரியாக்காரர், 1840ல் வந்தவர், பால்டிமோரில் பணி. மக்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் கடை திறப்பதைக் கண்டித்துக் கண்டித்துக் களைத்துப் போய் 1849ல் பதவியை விட்டுவிட்டு, சொந்தமாகக் கடை வைத்துப் பிழைத்தார். 1862ல் இறந்தார். ஆகவே ஜேக்கப் ஜோசப்பை முதல் ரப்பி என்பது சரியில்லை. நியூயார்க்கின் கிழக்கு ஐரோப்பிய யூத சபைகள் பல ஒன்று சேர்ந்து, தலைமை ரப்பி என்று அழைத்து வந்த ஒரே ஆள் அவர். அந்தப் பெருமை அவருக்கு முழுசாக உண்டு.

யாழ்மணி (ரொறன்ரோ):
இந்த மனிதரைப் பற்றிப் பல வருஷமாக வாசித்து வருகிறேன். அவருடைய வாழ்க்கை தெரியாமல் கல்லறையைப் பார்க்கப் போனால் வெறும் கல்லைத்தான் பார்ப்பீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பிறந்தது கோவ்னோ மாகாணத்தில் குரோஜே என்ற சிற்றூர், இன்றைய லித்துவேனியா. வோலோஜின் என்ற பெரிய யேஷிவாவில், அதாவது யூத மதக் கல்விக்கூடத்தில், படித்தவர். அங்கேயே 'கூர்மையானவர்' என்ற பொருளில் 'ஹரீஃப்' என்று பெயர் எடுத்தார். பெயர்பெற்ற ரப்பி இஸ்ரயேல் சலான்டரின் சீடர். சின்ன ஊர்களில் ரப்பியாக இருந்துவிட்டு, 1883ல் வில்னா நகரத்துக்குப் போதகராக வந்தார். வில்னா என்றால் அந்தக் காலத்தில் 'லித்துவேனியாவின் எருசலேம்'. அங்கே பிரசங்க மேடை கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மக்கள் அவருடைய பேச்சைக் கேட்க முண்டியடித்தார்கள். அவருடைய பிரசங்கங்கள் 1888ல் புத்தகமாகவும் வந்தன.

அதே நேரம் நியூயோர்க்கில் என்ன நிலைமை? 1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசிலிருந்து யூதர்கள் அலை அலையாக வந்து மன்ஹாட்டனின் லோவர் ஈஸ்ட் சைடில் நிரம்பினார்கள். ஒவ்வொரு ஊர்க்காரரும் தனித்தனியாக ஒரு சின்ன ஜெப ஆலயம், ஒரு ஊர்ச்சங்கம். கோஷர் இறைச்சியை, அதாவது யூத மத விதிப்படி அறுத்த இறைச்சியை, முறையாக மேற்பார்வை செய்ய ஆளில்லை. யார் வேண்டுமானாலும் 'இது கோஷர்' என்று எழுதி விற்கலாம். நோர்ஃபோக் தெருவில் இருந்த பெத் ஹமெத்ராஷ் ஹகதோல் சபையின் ரப்பி ஆபிரகாம் ஜோசப் ஆஷ் 1887ல் இறந்தார். அந்தச் சபை முன்னின்று மற்றச் சபைகளையும் சேர்த்து, ஐரோப்பாவிலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவோம் என்று தீர்மானித்தது. சம்பளம் வருஷத்துக்கு 2,500 டொலர். வில்னாவில் அவருக்குக் கடன் தொல்லை இருந்தது. சம்மதித்தார்.

1888 யூலை 7ஆம் திகதி கப்பல் ஹோபோக்கனுக்கு வந்தது. அது ஓய்வுநாள், சனிக்கிழமை. பொழுதுபட்ட பிறகுதான் கரையில் கால் வைத்தார். வரவேற்கப் பெருங்கூட்டம். இரண்டு கிழமை கழித்து முதல் பிரசங்கம். ஜெப ஆலயத்துக்குள்ளே இடமில்லாமல் தெருவெல்லாம் சனம், பொலிஸ் வந்து கட்டுப்படுத்தினார்கள்.

அப்புறம் வந்தது கோழிச் சிக்கல். மேற்பார்வையாளர்களை நியமித்தார்கள். முறையாக அறுக்கப்பட்ட ஒவ்வொரு கோழியின் காலிலும் ஒரு சின்ன ஈய முத்திரை கட்டினார்கள். அதற்குப் 'பிளம்பா' என்று பெயர். மேற்பார்வைச் செலவுக்காகக் கோழிக்கு ஒரு சென்ட் கூடுதல். ஒரு சென்ட் என்று நினைக்காதீர்கள். வந்த சனம் தையற்கூடங்களில் வயிற்றைக் கட்டி வேலை செய்தவர்கள். அதைவிட முக்கியம், ரஷ்யாவில் கோஷர் இறைச்சி மீது 'கொரோப்கா' என்றொரு வரி இருந்தது, ஏழைகளை உருக்கிய வரி. அதிலிருந்து தப்பி வந்தவர்களிடம் இங்கேயும் ஈய முத்திரைக்குக் காசு கேட்டால்? வீட்டுப் பெண்கள் கொதித்தார்கள். கறிக்கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். சோசலிசப் பத்திரிகைகள் கிழித்தன. மேற்பார்வையால் வருமானம் போன மற்ற ரப்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். கலீசியா, ஹங்கேரி யூதர்கள் தங்களுக்கென்று ஜோசுவா செகல் என்பவரைத் தலைமை ரப்பி என்றார்கள். மொஸ்கோவிலிருந்து வந்த ஹாயிம் விட்ரோவிட்ஸ் தன் வீட்டு வாசலில் 'அமெரிக்காவின் தலைமை ரப்பி' என்று தானே பலகை மாட்டிக்கொண்டார்.

சபைகளின் கூட்டமைப்பு மெல்லக் கலைந்தது. சம்பளம் கறிக்கடைக்காரர்கள் கையிலிருந்து வரும் நிலை ஆயிற்று. 1895 அளவில் அதுவும் நின்றது. அப்புறம் பக்கவாதம். கடைசி வருஷங்கள் படுக்கையில், வறுமையில், கேட்பாரற்று. 1902 யூலை 28, திங்கட்கிழமை உயிர் போயிற்று.

அவர் மேல் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தவறு அழைத்தவர்களுடையது. ஒரு அறிஞரைக் கொண்டுவந்து கறிக்கடைக் கணக்கில் கட்டிப் போட்டார்கள்.

நூர்ஜஹான்:
யாழ்மணி அண்ணா எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், 1902 மே மாதம், அதே தெருக்களில் கோஷர் இறைச்சி விலை பவுண்டுக்கு 12 சென்ட்டிலிருந்து 18 சென்ட்டாக ஏறியது. குடும்பப் பெண்கள் திரண்டு புறக்கணிப்புப் போராட்டம் நடத்தி, கடைகளில் புகுந்து இறைச்சியைத் தெருவில் வீசினார்கள். அந்த மக்களுக்கு இறைச்சி விலை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அதிலிருந்தே தெரியும். பிளம்பாவை எதிர்த்தவர்களை மதப்பற்று இல்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பற்று இருந்ததால்தான் கோஷர் வாங்கினார்கள், ஏழைகளாக இருந்ததால்தான் சண்டை போட்டார்கள்.

எடிசன்வாசி:
யாழ்மணி, நன்றி. படித்து முடித்தபோது மனசே சரியில்லை.

பிறந்த ஆண்டுக்கு வருகிறேன். 1840ஆ, 1848ஆ? 62 வயதில் இறந்தாரா, 54 வயதிலா? இரண்டுக்கும் நடுவே எட்டு ஆண்டு இடைவெளி.

பழைய ஏடு:
இதை வாழ்க்கையை வைத்தே சோதிக்கலாம். இஸ்ரயேல் சலான்டர் 1857ல் கோவ்னோவை விட்டு பிரஷ்யாவுக்குப் போய்விட்டார். பிற்பாடு அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான். 1848ல் பிறந்த பையனுக்கு அப்போது 9 வயது. 1840 என்றால் 17, யேஷிவாவில் ஒரு குருவை அண்டுவதற்குச் சரியான வயது. சலான்டரின் சீடர் என்பதில் யாருக்கும் தகராறு இல்லாததால் நான் 1840 பக்கம்தான் நிற்பேன்.

ஆனாலும் தம்பி, ரஷ்யப் பேரரசில் பிறந்த ஆண்களின் வயதைக் கல்லில் எழுதிய மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டாய ராணுவச் சேவைக்குப் பயந்து வயதைக் கூட்டியும் குறைத்தும் பதிவது அங்கே பரவலான பழக்கம். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த மாதமும் ஆண்டும் தனித்தனியாகக் கேட்டு எழுதினார்கள். அதையும் இறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குயின்ஸ் கலா:
கல்லறை விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் இருப்பது ரிட்ஜ்வுட்டுக்குப் பக்கத்தில்தான்.

அடக்கம் ஆன இடம் யூனியன் ஃபீல்ட் கல்லறைத் தோட்டம். சைப்ரஸ் அவென்யூவில் இருக்கிறது, குயின்ஸ் எல்லைக்குள். புரூக்ளின் என்ற குழப்பம் எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்கதை உண்டு.

1850களில் மன்ஹாட்டனில் 86ஆம் தெருவுக்குத் தெற்கே இனிப் புதைக்கக் கூடாது என்று தடை வந்தது. காலரா பயம் ஒரு காரணம், நில விலை இன்னொன்று. அதற்கு முன்பே, 1847ல், நியூயார்க் மாநிலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். கல்லறைத் தோட்டத்தைத் தனி அமைப்புகளே வாங்கி நடத்தலாம், ஆனால் ஒரு கவுண்டிக்குள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு அமைப்பு 250 ஏக்கருக்குமேல் வைத்துக்கொள்ள முடியாது. என்ன செய்தார்கள்? வெவ்வேறு கவுண்டிகளான புரூக்ளினும் குயின்ஸும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் போய் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நிலம் வாங்கினார்கள். அதனால்தான் அந்த மேட்டில் வரிசையாக இத்தனை கல்லறைத் தோட்டங்கள். அந்தப் பகுதியையே பொதுவாக 'சைப்ரஸ் ஹில்ஸ்' என்பார்கள். அந்தப் பெயரில் புரூக்ளினில் ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது, எல்லா மதத்தினருக்குமான ஒரு பெரிய கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. 'சைப்ரஸ் ஹில்ஸில் அடக்கம்' என்று படித்தவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு புரூக்ளின் என்று எழுதிவிடுகிறார்கள்.

யூனியன் ஃபீல்ட் ரொதேஃப் ஷோலம் சபைக்குச் சொந்தமானது. ஆனால் உள்ளே பல சபைகளும் சங்கங்களும் தங்களுக்கென்று மனை வாங்கி வைத்திருக்கின்றன. கொலையுண்ட சூதாட்டக்காரர் ஆர்னால்ட் ராத்ஸ்டீன், நடிகர் பெர்ட் லார், வழக்கறிஞர் ராய் கோன் எல்லோரும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். மாய வித்தைக்காரர் ஹூடினி பக்கத்து மக்பேலா தோட்டத்தில்.

செல்வம்_கோவை:
அப்படியென்றால் ரப்பி எந்தச் சபையின் மனையில் இருக்கிறார் கலாக்கா? பெயரை மட்டும் வைத்துத் தேடினால் 'ஜேக்கப் ஜோசப்' நிறையப் பேர் வருவார்களே?

குயின்ஸ் கலா:
பெத் ஹமெத்ராஷ் ஹகதோல் மனையில். அவரை அழைத்துவந்த அதே நோர்ஃபோக் தெருச் சபை.

யாழ்மணி (ரொறன்ரோ):
கலாக்கா தொட்ட இடம்தான் இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துகிறது. உயிரோடு இருந்தபோது சம்பளம் கொடுக்க ஆளில்லை. உடல் ஆறுவதற்குள் 'எங்கள் மனையில் அடக்கம் செய்ய வேண்டும்' என்று சபைகள் போட்டி போட்டன. பெரிய ஞானியின் கல்லறை உள்ள மனைக்கு மதிப்புக் கூடும், பக்கத்துக் குழிகளுக்கு நல்ல விலை போகும். பெத் ஹமெத்ராஷ் ஹகதோல் சபை விதவைக்கு 1,500 டொலரும், மாதாமாதம் ஒரு தொகையும் தருவதாக ஒப்புக்கொண்டு அந்த உரிமையைப் பெற்றது. அந்தக் காசு நான்கு வருஷம் முன்னால் அந்த வீட்டுக்குப் போயிருந்தால் மருந்துக்காவது உதவியிருக்கும்.

எந்தக் குடியேறியின் கல்லறையைத் தேடுகிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: அடக்கத்துக்குக் காசு கொடுத்தது யார் என்று முதலில் கேளுங்கள். அந்தக் கால நியூயோர்க் யூதர்கள் பெரும்பாலும் ஊர்ச்சங்கத்திலோ சபையிலோ சந்தா கட்டினார்கள். அந்தச் சந்தாவில் ஒரு குழியும் சேர்த்தி. மனை சங்கத்தின் பெயரில் இருக்கும். தோட்டத்தின் பதிவேட்டில் பெயர் பிழையாக இருந்தாலும் சங்கத்தைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

பழைய ஏடு:
யாழ்மணி சொன்னது முற்றிலும் சரி. நம்மூர் ஆவணங்களிலும் ஆளைவிடப் பணம் கொடுத்தவர்தான் தெளிவாகப் பதிவாகியிருப்பார்.

மட்டாஞ்சேரி ரவி:
தமிழ்க் குடும்பம், மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிறோம். இழையைப் படித்தபோது எங்கள் பக்கத்து நெகேமியா மோத்தா நினைவுக்கு வந்தார். அவரும் வெளியிலிருந்து வந்தவர், யேமனிலிருந்து என்பது பரவலான நம்பிக்கை. எபிரேயத்தில் பாட்டுகள் எழுதிய, கபாலா என்ற யூத மறைஞான மரபைச் சேர்ந்த ஞானி. மலபார் யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் போய், இப்போது மட்டாஞ்சேரியில் வீடுகளுக்கு நடுவே அவருடைய கல்லறை மட்டும் நிற்கிறது. இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். யூதர்கள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

இங்கே சொல்ல வந்ததற்குக் காரணம் தேதிக் கணக்கு. அவர் இறந்தது யூத ஆண்டு 5376, கிஸ்லேவ் மாதம் 25. சிலர் 1615 என்கிறார்கள், சிலர் 1616 என்கிறார்கள். வழக்கமாக யூத ஆண்டிலிருந்து 3760ஐக் கழிப்பார்கள், கழித்தால் 1616. ஆனால் யூத ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கிறது. கிஸ்லேவ் அதில் மூன்றாம் மாதம், அப்போது ஆங்கில ஆண்டு இன்னும் மாறியிருக்காது. ஆகவே 3761 கழிக்க வேண்டும், 1615 டிசம்பர்தான் சரி. அன்றுதான் ஹனுக்கா பண்டிகையின் முதல் நாளும்.

ஜேக்கப் ஜோசப் இறந்தது 5662, தம்மூஸ் மாதம். தம்மூஸ் கோடையில் வருவதால் 3760 கழித்தாலே போதும், 1902.

பழைய ஏடு:
ரவி, அருமை. இதோடு இன்னொன்று. யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. 1902 ஜூலை 28 பகல் என்றால் தம்மூஸ் 23, அன்று மாலை இருட்டிய பிறகு என்றால் தம்மூஸ் 24. அவருடைய நினைவு நாளைத் தம்மூஸ் 24 என்று அனுசரிக்கிறார்கள். நாட்காட்டி மாற்றும் செயலிகளில் வெறும் ஆங்கிலத் தேதியைப் போட்டால் 23 என்று காட்டும், குழம்ப வேண்டாம்.

எடிசன் தம்பிக்கு, கல்லைப் படிக்க நான்கு குறிப்பு. மேலே பே, நூன் என்ற இரண்டு எபிரேய எழுத்து இருந்தால் 'இங்கே அடக்கம்' என்று பொருள். கீழே ஐந்து எழுத்துச் சுருக்கம் ஒன்று வரும், 'அவருடைய ஆன்மா வாழ்வோரின் கட்டோடு சேர்த்துக் கட்டப்படுவதாக' என்ற வேண்டுதல். ஆண்டு எண்ணில் இருக்காது, எழுத்தில் இருக்கும். தாவ் 400, ரேஷ் 200, சாமெக் 60, பேத் 2, கூட்டினால் 662. ஐயாயிரத்தை எழுதாமல் விடுவது வழக்கம். இறந்தவரை 'இன்னாருடைய மகன் இன்னார்' என்று தகப்பன் பெயரோடுதான் எழுதுவார்கள். ஒரே பெயரில் பலர் இருந்தால் அதை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க முடியும்.

எடிசன்வாசி:
இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன் ஐயா. இறுதி ஊர்வலத்தில் கலவரம் நடந்தது என்று ஒரு வரி மட்டும் பார்த்தேன். அது உண்மையா?

யாழ்மணி (ரொறன்ரோ):
உண்மை. நியூயோர்க் யூதர்களின் வரலாற்றிலேயே மறக்க முடியாத நாள்களில் ஒன்று.

1902 யூலை 30, புதன்கிழமை. ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாது, ஒரு லட்சம் என்றும் கணக்குச் சொன்னார்கள். ஹென்றி தெரு வீட்டிலிருந்து சவ வண்டி கிளம்பி, வழியில் ஜெப ஆலயங்களுக்கு முன்னால் நின்று நின்று போனது. வில்லியம்ஸ்பேர்க் பாலம் அப்போது இன்னும் திறக்கவில்லை, அடுத்த வருஷம்தான் திறந்தார்கள். ஆகவே கிராண்ட் தெரு வழியாகப் படகுத்துறைக்குப் போய், ஆற்றைக் கடந்து, அங்கிருந்து கல்லறைத் தோட்டம் போக வேண்டும்.

கிராண்ட் தெருவில் ஆர். ஹோ நிறுவனத்தின் அச்சு இயந்திரத் தொழிற்சாலை. அதில் வேலை செய்தவர்கள் யூதர்களுக்கு முன்பிருந்தே தொல்லை கொடுத்து வந்தவர்கள். ஊர்வலம் கீழே போகும்போது மேல் சன்னல்களிலிருந்து தண்ணீரை ஊற்றினார்கள். அப்புறம் இரும்பு நட்டு, போல்ட்டு, மரக்கட்டை எல்லாம் வந்து விழுந்தன. கீழே கறுப்பு உடுப்பில் வயசானவர்கள், பிள்ளையைத் தூக்கிய பெண்கள். கூட்டத்தில் சிலர் அந்தப் பொருட்களையே எடுத்துத் திருப்பி எறிந்தார்கள், சன்னல்கள் உடைந்தன. உள்ளேயிருந்து குழாய் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள்.

பொலிஸ் வந்தது. வந்தவர்கள் தொழிற்சாலைக்குள் போகவில்லை. துக்கத்துக்கு வந்த சனத்தை அடித்தார்கள். நூற்றுக்கணக்கானோருக்குக் காயம். பிடிபட்டவர்களிலும் பெரும்பாலோர் யூதர்களே.

ஆனால் இந்த முறை அது அப்படியே அமுங்கிப் போகவில்லை. மேயர் சேத் லோ ஒரு விசாரணைக் குழு அமைத்தார். வழக்கறிஞர் லூயி மார்ஷலும் அதில் இருந்தார். தொழிற்சாலைக்காரர்கள்தான் தொடங்கினார்கள், பொலிஸ் நடந்துகொண்ட விதம் தவறு என்று குழு தெளிவாக எழுதியது. குடியேறிய ஏழைகள் கொடுத்த சாட்சியத்தை ஒரு நகர நிர்வாகம் காது கொடுத்துக் கேட்டது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அகதியாக வந்து ஒரு காவல் நிலையத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் நின்றவர்களில் எத்தனையோ பேர் பிளம்பாவுக்குக் காசு கொடுக்க மறுத்தவர்கள். அவர்களும் வந்திருந்தார்கள்.

நூர்ஜஹான்:
கடைசிப் பத்தி நெஞ்சில் தைக்கிறது அண்ணா.

குடும்பத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவருடைய பேரன் லாசரஸ் ஜோசப் 1946 முதல் 1953 வரை நியூயார்க் மாநகரத்தின் கணக்குத் தலைவராக இருந்தார், மேயருக்கு அடுத்த நிலைப் பதவிகளில் ஒன்று. லாசரஸின் மகனுக்குப் பூட்டனின் பெயரையே வைத்தார்கள். அந்த கேப்டன் ஜேக்கப் ஜோசப் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து 1942 அக்டோபரில் பசிபிக் தீவான குவாடல்கனாலில் சண்டையில் இறந்தார், வயது 22. லோவர் ஈஸ்ட் சைடில் ஹென்றி தெருவும் ரட்கர்ஸ் தெருவும் சேரும் இடத்தில் அவர் பெயரில் ஒரு சின்ன விளையாட்டுத் திடல் இருக்கிறது. இணையத்தில் 'ஜேக்கப் ஜோசப் நியூயார்க்' என்று தேடினால் இரண்டு பேரின் தகவலும் கலந்து வருவதற்கு இதுதான் காரணம்.

பள்ளிக்கூடமும் முன்பு ஹென்றி தெருவில் இருந்ததுதான். சுற்றியிருந்த யூதக் குடும்பங்கள் வேறு பக்கம் குடிபோன பிறகு அது ஸ்டேட்டன் தீவுக்கும் எடிசனுக்கும் நகர்ந்தது.

செல்வம்_கோவை:
நோர்ஃபோக் தெரு ஜெப ஆலயம் இன்னும் இருக்கிறதா?

குயின்ஸ் கலா:
இல்லை தம்பி. 1850ல் பாப்டிஸ்ட் தேவாலயமாகக் கட்டிய கட்டடம் அது. 1885ல் சபை வாங்கியது. சபை குறைந்து, பராமரிக்கக் காசில்லாமல் 2007ல் மூடிக் கிடந்தது. 2017 மே மாதம் தீப்பிடித்து எரிந்தது, 2019ல் மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். ஜேக்கப் ஜோசப் நின்று பேசிய மேடை போய்விட்டது. அந்தச் சபையின் பெயரைத் தாங்கிய கல்லறை மனைதான் குயின்ஸில் மிச்சம்.

எடிசன் தம்பி, நேரில் போகும்போது சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களும் கதவு மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை போங்கள். பெயர், இறந்த ஆண்டு, சபைப் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் முதலில் கொடுங்கள். நீங்களாகத் தேடினால் பொழுது போய்விடும். கற்கள் தோளோடு தோள் உரசுகிற மாதிரி நெருக்கமாக நிற்கும், பல இடங்களில் நடைபாதையே இருக்காது. பூ கொண்டு போக வேண்டாம், அவர்கள் வழக்கம் வேறு. கீழே கிடக்கிற ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கல்லறைமேல் வையுங்கள். தலையை மூடிக்கொள்ளத் தொப்பி எடுத்துப் போங்கள். வெளியே வரும்போது குழாயில் கை கழுவுங்கள்.

எடிசன்வாசி:
கலாக்கா, ஞாயிற்றுக்கிழமையே போகிறேன். வருவீர்களா?

தொகுத்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். பிறப்பு குரோஜே, 1840 என்று எழுதி, 1848 என்ற மாற்றுக் கருத்தையும் பக்கத்தில் குறித்திருக்கிறேன். வருகை 1888 ஜூலை 7, ஹோபோக்கன். இறப்பு 1902 ஜூலை 28, தம்மூஸ் 24. அடக்கம் யூனியன் ஃபீல்ட், பெத் ஹமெத்ராஷ் ஹகதோல் மனை, குயின்ஸ். இறப்புச் சான்றிதழையும் கணக்கெடுப்புத் தாளையும் படித்த பிறகு இந்த இழையிலேயே போடுகிறேன். கல்லின் வாசகத்தைப் படம் எடுத்து வந்தால் பழைய ஏடு ஐயாதான் வரி வரியாகப் படித்துச் சொல்ல வேண்டும்.

குயின்ஸ் கலா:
வருகிறேன் தம்பி. காலையில் பத்து மணிக்கு சைப்ரஸ் அவென்யூ வாசலில் நில்லுங்கள்.

பழைய ஏடு:
படம் எடுக்கும்போது நேராக நின்று எடுக்காதீர்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி நின்றால்தான் தேய்ந்த எழுத்து நிழலில் தெரியும். பின்பக்கத்தையும் எடுங்கள், சபையின் பெயரோ கல் நட்டவர்களின் பெயரோ சில சமயம் அங்கேதான் இருக்கும். பக்கத்துக் கல்லறைகளில் உள்ள பெயர்களும் வேண்டும். அந்த 1,500 டாலருக்கு அப்புறம் அங்கே இடம் வாங்கியவர்கள் யார் என்று பார்க்கலாம்.